மணி கேட்டால் ஒதுங்கவும்

பின்னாலிருந்து சைக்கிள் மணி அடித்தது. மாளவிகா கைத்தடியை ஊன்றி, இடப்பக்கமாக ஓரடி ஒதுங்கி, வண்டி போகட்டும் என்று நின்றாள். வண்டி எதுவும் போகவில்லை.

திரும்பிப் பார்த்தாள். மத்தியான மழையில் ஊறிப்போன பாதை, பாலத்தடி வளைவு வரைக்கும் ஆளில்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் சைக்கிள்களுக்கென்று சிவப்புச் சாயம் பூசிய பட்டை; அதை ஒட்டி, ஆற்றோரமாக, நடப்பவர்களுக்கான சிமென்ட் கல் பட்டை; அதற்கப்பால் முழங்கால் உயரப் புல்; புல் முடிகிற இடத்தில் கரை சரிந்து, சரிவின் அடியில் அடையாறு, கடல் ஏற்றத்தில் வீங்கிப்போய், எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரங்களிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், கோரைக்குள் தவளைகளின் கத்தலும், எதிர்க்கரையில் கோட்டூர்புரத்துச் சாலையின் இரைச்சலும் கேட்டனவே தவிர, ஒரு டயர் ஈரத்தில் உருளும் சத்தம் எங்குமில்லை.

ஏதாவது மைனாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டோ ஹாரன் மாதிரியே கத்துகிற மைனா ஒன்று மந்தைவெளியில் அவள் வீட்டு மாமரத்திலேயே இருந்தது.

சித்திரை மாதம் வேளச்சேரியில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் அவளுடைய வலது முட்டியின் தசைநார் கிழிந்துபோனது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, மேடு பள்ளமில்லாத இடமாகப் பார்த்து தினமும் நடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மந்தைவெளித் தெருக்களில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? அவள் கணவன் அச்யுத்தான் புதிதாகத் திறந்த இந்த ஆற்றோரப் பூங்காப் பாதையைக் கண்டுபிடித்தான். சாயந்திரம் அவளைக் காரில் கொண்டுவந்து பாலத்தடி வாசலில் இறக்கிவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு போய் சைதாப்பேட்டைப் பக்கத்து வாசலில் காத்திருப்பான். அவள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்துபோய்ச் சேரவேண்டும். நடுவில் வேறு வாசல் கிடையாது. பூங்கா நெடுகிலும் ஒரு பக்கம் உயரமான கம்பி வேலி, மறுபக்கம் ஆறு.

அவளுக்கு இந்த இடம் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாததால் சொல்லவில்லை.

இன்றைக்கு வாசலில் காவல்காரர் பஞ்சாட்சரம் நாற்காலியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். "சைக்கிள்லாம் இன்னிக்குக் கெடியாதும்மா. மழ பேஞ்சா வழுக்குதுன்னு ஷெட்டப் பூட்டிட்டாங்க. நடக்கறவங்க மட்டும்தான்" என்றவர், வானத்தைப் பார்த்துவிட்டு, "இருட்டிக்கினு வருது. எங்கியும் நிக்காம போய்க்கினே இரும்மா" என்றார்.

அந்தப் பேச்சு இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சைக்கிளே உள்ளே இல்லை.

அவளுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில், அவளோடு வாசலில் நுழைந்த பெண் போய்க்கொண்டிருந்தாள். கடுகு நிறத் துணியைத் தலையைச் சுற்றிக் கட்டிய கல்லூரிப் பெண். அவளே வந்து பேச்சுக் கொடுத்திருந்தாள். "கால்ல என்ன ஆச்சு ஆன்ட்டி? நேத்தும் பார்த்தேன் உங்கள." மாளவிகா சொன்னதும் முகத்தைச் சுளித்து, "ஸ்ஸ், கேக்கவே வலிக்குது. நான் அஃப்ரா. இங்க பக்கத்துலதான் ஹாஸ்டல். நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போயிட்டே இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தக் கடுகு நிறம் கண்ணில் படும்வரை பரவாயில்லை என்று மாளவிகா நடந்தாள்.

மறுபடி மணி.

இப்போது இன்னும் கிட்டத்தில். கட்டை விரலால் தள்ளி அடிக்கிற பழைய வட்ட மணி. அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்ட மாதிரி ஓசை கொஞ்சம் மந்தமாக, நனைந்து வந்தது. ஒதுங்கவேண்டும் என்று அவள் நினைக்கக்கூட இல்லை. சென்னைத் தெருவில் வளர்ந்த உடம்பு, மணி கேட்டதும் தானே ஒதுங்கியது. செருப்புக்குக் கீழே கல் இல்லை. புல். விரல்களுக்கு நடுவே குளிர்ந்த சேறு பிதுங்கியது.

கைப்பேசி அதிர்ந்தது. அச்யுத்.

"எங்க இருக்கே மாளு?"

"பாதி தூரம் வந்துட்டேன். அச்சு, அந்த வாசல் வழியா சைக்கிள் உள்ள விடறாளா?"

"இல்லையே. இங்கயும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. ரெண்டு தடவை மணி சத்தம் கேட்டுது. பார்த்தா யாரும் இல்லை."

அவன் சிரித்தான். "முட்டியோட காதையும் சேர்த்துக் காட்டியிருக்கலாம்."

அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. பேசிக்கொண்டே முழுதாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றாள். எதுவும் வரட்டும், முகத்துக்கு நேரே வரட்டும் என்று. பாதை காலியாக இருந்தது. அப்போது மணி அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து அல்ல. இப்போது எது அவளுக்கு முதுகுப் பக்கமோ, அங்கிருந்து.

"இதோ, இது எனக்கே கேட்டுதே" என்றான் அச்யுத். "யாரோ வரா பார். ஓரமா ஒதுங்கிக்கோ."

அவள் ஒதுங்கிவிட்டிருந்தாள். அவன் சொல்வதற்கு முன்பே. கைத்தடி புல்லுக்குள் இறங்கி, கெட்டியான எதுவும் தட்டுப்படாமல் பிடிவரை புதைந்தது.

"மாளு? இருக்கியா?"

"வந்துண்டிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிடுங்கியெடுத்த தடியை ஊன்றிக் கல் பட்டைக்கு ஏறியபோதுதான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. ஒவ்வொரு மணிக்கும் அவள் ஆற்றுப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும்.

திரும்பிப் போகிற தூரமும் முன்னால் போகிற தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் அச்யுத் இருக்கிறான். அந்தப் பெண் இருக்கிறாள். மாளவிகா நடையை விரட்டினாள். முட்டிக்குள் எலும்பு எலும்போடு உரசுகிற மாதிரி வலி கிளம்பியது. வானத்தின் அடியில் மிச்சமிருந்த ஆரஞ்சுக் கீற்று ஆற்றில் விழுந்து பழைய எண்ணெய் மாதிரி நெளிந்தது. வழக்கமான சாக்கடை நாற்றம் போய், காற்றில் வேறொரு வாடை இருந்தது. நாள்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் வெள்ளம் வடிந்த பிறகு கதவைத் திறந்தால் வருமே, ஊறிய மெத்தையும் துருவும் கலந்த வாடை, அது.

வளைவு திரும்பியதும் அஃப்ரா தெரிந்தாள். மாளவிகாவுக்கு மூச்சு திரும்பியது.

அந்தப் பெண் நடந்துகொண்டிருந்தாள். சட்டென்று நின்றாள். தோளுக்கு மேல் பாதி திரும்பி, ஒரு மரியாதைக்குச் சிரிக்கிற மாதிரி தலையை ஆட்டி, இடப்பக்கம் ஒதுங்கினாள். காத்திருந்தாள். நடந்தாள். மறுபடி நின்றாள். மறுபடி தலையை ஆட்டி, ஒதுங்கினாள். இப்போது அவள் புல்லில் நின்றாள். மாளவிகாவுக்கு மணி எதுவும் கேட்கவில்லை. தவளைச் சத்தமும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"அஃப்ரா!" என்று கூப்பிட்டாள். "ஒதுங்காதேம்மா! பாதைக்கு வந்துடு!"

அந்தப் பெண் திரும்பினாள். மாளவிகாவைப் பார்த்து அடையாளம் கண்டு சிரித்தாள். பிறகு அவள் பார்வை மாளவிகாவின் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. சிரிப்பு உதட்டிலேயே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது.

"சாரி" என்றாள் அஃப்ரா, மாளவிகாவிடம் அல்ல. "சாரிங்க. போங்க, போங்க."

ஒரு கையை விரித்து வழி காட்டியபடி பின்பக்கமாகவே நடந்தாள். புல்லைத் தாண்டினாள். சரிவில் இறங்கினாள். மாளவிகா தடியை வீசி வீசி நொண்டிக்கொண்டு ஓடினாள். அது ஓட்டமே இல்லை. அவள் போய்ச் சேரும்போது கணுக்கால் வரை, முழங்கால் வரை, இடுப்பு வரை தண்ணீரில் இருந்தாள் அந்தப் பெண். ஆகாயத்தாமரை இலைகள் அவளைச் சுற்றி விலகி, மறுபடி ஒட்டிக்கொண்டன.

கரையில் குப்புறப் படுத்து மாளவிகா தடியை நீட்டினாள். "பிடிச்சுக்கோ! அஃப்ரா, இதைப் பிடி!"

கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது தடி. அஃப்ரா அதைப் பார்க்கவேயில்லை. "நீங்களும் கொஞ்சம் நகருங்க ஆன்ட்டி" என்றாள், பஸ்ஸில் இடம் விடச் சொல்கிற குரலில். "நெறைய பேர் வர்றாங்க."

இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள். கடுகு நிறத் துணி தண்ணீரில் ஒரு கணம் விரிந்து மிதந்தது. பிறகு இலைகள்தான் இருந்தன.

மாளவிகா கத்தினாள். எதிர்க்கரையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கைப்பேசியைச் சேற்றுக் கையால் அழுத்த, அது வழுக்கி, விழுந்து, மறுபடி எடுத்து அழுத்த, அச்யுத் எடுத்தான்.

"அச்சு, ஒரு பொண்ணு ஆத்துல... கண்ணு முன்னாடியே... வா, உடனே வா, யாரையாவது கூட்டிண்டு வா."

"என்ன? மாளு, நீ எங்க இருக்கே? பேசாம அங்கயே நில்லு. நான் ஓடி வரேன். எங்கயும் போகாதே."

பாதை விளக்குகள் எரிந்தன. எல்லாம் ஒரே நேரத்தில், மஞ்சளாக.

அவள் எழுந்து பாதையில் நின்றபோது, பின்னாலிருந்த விளக்கு அவள் நிழலை நீளமாக முன்னால் போட்டது. தடியோடு மூன்று காலாக நின்ற தன் நிழலைப் பார்த்தாள். அதற்கு வலப்பக்கம் தரையில் ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் மெல்லிய கோடுகள். ஆரக்கால்கள். மிக மெதுவாகச் சுற்றின. அதன் பின்னால் இன்னொரு வட்டம். அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று, ஒன்றோடொன்று சிக்கி, பாதை முழுக்கக் கோடுகளாகி, அவள் காலடிக்கு வந்து நின்றன.

மணி.

ஒன்றல்ல. பத்தல்ல. நனைந்த மணிகள் மொத்தமும் அவள் பிடரிக்குப் பின்னால்.

உடம்பு ஒதுங்கப் பார்த்தது. கால் தானாக ஆற்றுப் பக்கம் எழுந்தது. அந்தக் காலைத் தடியால் தானே அடித்தாள். முட்டியில் பட்ட வலியில் கண் இருண்டு தெளிந்தது. வேலிப் பக்கம் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. சிவப்புப் பட்டையைக் குறுக்கே கடந்தால் கம்பம். கடந்தாள். கடக்கும்போது கை, கன்னம், கழுத்து என்று எங்கெங்கோ ஈரமாக எதுவோ உரசிப் போயிற்று. ரப்பர் கைப்பிடி மாதிரி. விரல் மாதிரி. நிற்கவில்லை. கம்பத்தை அடைந்து, திரும்பி, முதுகெலும்பு முழுவதும் இரும்பில் பதிய அப்பிக்கொண்டு நின்றாள்.

இனி அவளுக்குப் பின்னால் இடமில்லை.

மணிகள் நின்றன. நிழல்களும் இல்லை. வெறும் பாதை. வெறும் புல். ஆறு. அவளுடைய பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது. அப்படியே அசையாமல் நின்றால் போதும் என்று அவளுக்குப் புரிந்தது. விடிய விடிய வேண்டுமானாலும் நிற்கலாம்.

சைதாப்பேட்டைப் பக்கமிருந்து காலடிச் சத்தம். ஷூ. மனிதர் ஓடுகிற சத்தம்.

"மாளு!"

அச்யுத் தனியாகத்தான் வந்தான். மூச்சிரைக்க, சட்டை பாதி வெளியே வந்து, கைப்பேசியின் வெளிச்சத்தைப் பாதையில் அடித்துக்கொண்டு. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்தாள். அந்த நிம்மதிக்காக அவளுக்கு அழுகை வந்தது.

"அச்சு, பாதையில வராதே. வேலியோரமா வா. என் பக்கம் வா. மணி அடிச்சா..."

அவன் நின்றான்.

அவளைத் தாண்டிப் பார்த்தான். பாலத்துப் பக்கம். வெளிச்சத்தை உயர்த்தினான்.

"அச்சு. அங்க பார்க்காதே. என்னைப் பாரு."

"இரு மாளு" என்றான். மெதுவாகச் சொன்னான், கோயில் பிராகாரத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு நிற்கிறவன் மாதிரி. "நீ அங்கயே நில்லு. அவா போயிடட்டும்."

"யாரும் இல்லைடா! யாருமே இல்லை!"

"இவ்வளவு பேரா?" என்றான். யாரிடமோ. பிறகு ஒரு கையை விரித்து, ஓரடி ஒதுங்கினான்.

ஆற்றுப் பக்கம்.

அவள் கெஞ்சினாள். திட்டினாள். அவன் பெயரை முழுதாகச் சொல்லி அலறினாள். அவன் கல் பட்டையைத் தாண்டினான். புல்லில் இறங்கினான். முகத்தில் பயம் இருந்தது, கண்ணீர்கூட வழிந்தது. கை மட்டும் மரியாதையாக, போங்கள், போங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தது.

கம்பம் அவள் முதுகில் இருந்தது. குளிர்ந்த, கெட்டியான கம்பம்.

விட்டாள்.

தடியை எறிந்துவிட்டு, சிவப்புப் பட்டையைத் தாண்டி, புல்லைத் தாண்டி, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டு அவன் சட்டையைப் பிடித்தாள். துணி கையில் வந்தது. இரண்டு பித்தான்கள் தெறித்தன. அதற்குள் அவன் மார்பளவு தண்ணீரில் இருந்தான். தண்ணீர் விளிம்பில் எழுந்து நின்று கை நீட்டினாள். எட்டவில்லை. கழுத்தளவு. அங்கே நின்றுவிட்டான். மூழ்கவில்லை. தண்ணீர் தாடையைத் தொட, அசையாமல் நின்றான்.

"அச்சு..."

அவனுக்குப் பக்கத்தில் இலைகள் விலகின. கடுகு நிறத் துணி. அஃப்ராவின் முகம், தாடை வரைக்கும். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வயதானவர், நெற்றியில் நரைமுடி ஒட்டி. அவருக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை. ஒரு போலீஸ்காரர். வேட்டியும் துண்டுமாக ஒருவர். ஆறு முழுவதும், எதிர்க்கரையின் விளக்கொளி தொடுகிற இடம் வரைக்கும், தலைகள். எல்லா முகங்களும் பாதையைப் பார்த்திருந்தன. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஜனங்கள் நிற்பார்களே, அந்தப் பொறுமையோடு, கடைசி வண்டியும் போய்விடட்டும் என்று.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அச்யுத்தும் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் தோளைத் தாண்டிப் பார்த்தார்கள்.

அவளுடைய இடுப்பில், முதுகுப் பக்கம், ஈரமான ரப்பர் ஒன்று மெதுவாகப் பட்டது. தள்ளவில்லை. பட்டது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு மணி. சின்னதாக, நாகரிகமாக.

தண்ணீரில் தலைகள் நகர்ந்தன. வரிசை கொஞ்சம் விலகியது. அச்யுத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார்கள்.